குழந்தைகளை வரச்சொல்லிவிட்டு இப்படியா வைத்திருப்பது?

தோட்ட நிர்வாகத்துக்கு வணக்கம்.

போன வாரம் குழந்தைகளோடு உங்கள் வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்துக்கு வந்திருந்தோம். குடும்பச் சீட்டு என்று தனியாகவே விற்கிறீர்கள், விளம்பரம் முழுக்கச் சிரிக்கிற பிள்ளைகள் படம்தான், ஆனால் உள்ளே வந்து பார்த்தால் பிள்ளைகளை மனதில் வைத்து எதையும் செய்த மாதிரி தெரியவில்லை.

முதலில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இது மட்டும் தள்ளிப்போடக் கூடாத விஷயம். கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் நடைபாதையை ஒட்டியே டிஃபென்பாக்கியா செடிகளை வரிசையாக வைத்திருக்கிறீர்கள். வெள்ளைத் திட்டுகள் விழுந்த பெரிய இலைகள், சரியாக என் சின்ன மகளின் முகத்துக்கு நேரே. அவள் ஓர் இலையின் நுனியைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்போது கையைத் தட்டிவிட்டேன். அந்தச் செடியில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கின்றன, மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், சாறு கண்ணில் பட்டாலும் கெடுதல் என்பதெல்லாம் செடி வளர்க்கிற உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பக்கத்தில் நின்ற ஊழியரிடம் சொன்னதற்கு, "குழந்தைகளை நீங்கதான் சார் பார்த்துக்கணும்" என்றார். பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தட்டிவிட முடிந்தது. விவரம் தெரியாத பெற்றோர் வந்திருந்தால்? செடியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், எச்சரிக்கைப் பலகை வையுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, சிறுவர்களுக்கான வழிகாட்டி என்று தனிக் கட்டணம் வாங்கினீர்களே, அது. கோகோ மரத்தைப் பார்த்ததும் பையன் நின்றுவிட்டான். "ஏம்ப்பா காய் கிளையில தொங்காம அடிமரத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு?" எவ்வளவு நல்ல கேள்வி! கோகோ பூப்பதே அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும்தான், பலாவும் அப்படித்தான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். உங்கள் வழிகாட்டியோ நேரமாகிறது, நகருங்கள் என்றார். வெனிலாக் கொடியிடமும் இதே கதைதான், லத்தீன் பெயரை மட்டும் எழுதி, பெரியவர்களே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒரு தகடு. அந்தப் பூவுக்குக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் எளிய வழியை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தது எட்மண்ட் ஆல்பியஸ் என்கிற 12 வயது அடிமைச் சிறுவன். அந்த வழியைத்தான் இன்றைக்கும் வெனிலாத் தோட்டங்களில் பின்பற்றுகிறார்கள். ஒரு பிள்ளை செய்த காரியத்தைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வீர்கள்? நான்தான் சொன்னேன், சுற்றி நின்ற மற்றக் குழந்தைகளும் வாயைத் திறந்து கேட்டார்கள். அதற்குள் அடுத்த குழு வந்துவிட்டது என்று எங்களை வெளியே அனுப்பினார்கள்.

அமேசான் அல்லிக் குளத்தையும் சொல்ல வேண்டும். அந்த இலையின் அடிப்பக்கம் முழுக்க முள், தடித்த நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும், அதனால்தான் அவ்வளவு பெரிய இலை மிதக்கிறது. கம்பிவேலிக்கு அப்பால் நின்று பார்க்கிற குழந்தைக்கு இதில் எது தெரியும்? வாடிய இலை ஒன்றை வெட்டி ஓரமாகத் திருப்பிப் போட்டு வைத்தால் செலவே இல்லை.

அப்புறம், அவ்வளவு புழுக்கமான கூடத்துக்குள் இருந்த ஒரே குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதையும் பாருங்கள்.

அந்த டிஃபென்பாக்கியா வரிசையை எப்போது மாற்றுவீர்கள் என்று தேதியோடு எழுத்தில் பதில் வேண்டும். பாதியிலேயே முடித்த வழிகாட்டிக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள், சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். நுழைவுக் கட்டணத்தை நான் கேட்கவில்லை, செடிகளை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அப்பா