பற்றரியைக் கொன்றது நான்தான்

ஒட்டுசுட்டான்,
பங்குனி மாதம்.

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ பழையபடிதான், கோயிலுக்குப் போகும் நாளில் மட்டும் அது வருவதில்லை. வைகாசியில் உனக்கு லீவு என்று கேட்டதிலிருந்து கலண்டர் தாளைக் கிழிக்கிற வேலையை வேறு யாருக்கும் அவ விடுவதில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நீ நிற்பாய் என்று சந்தை வரைக்கும் சொல்லியாயிற்று.

போன கிழமை நீ போனில், "அப்பா, றில் மெசினுக்கு இன்னும் பெரிய பற்றரி ஒன்று கொண்டு வரட்டா?" என்று கேட்டாய். நான் "பார்ப்பம்" என்று மழுப்பிவிட்டேன். பக்கத்தில் அம்மா நின்றா. நான் வாயைத் திறந்தால் மிச்சக் கதையைத் தானே சொல்லி முடித்திருப்பா. அதுதான் எழுதுகிறேன். நீ அனுப்பிய இரண்டு பற்றரியில் பெரியது இப்போது இல்லை. அது தானாகச் சாகவில்லை, நான்தான் கொன்றேன். பிறகு அதற்குக் கொள்ளியும் வைத்து ஊரையே ஓட விட்டேன்.

ஓட்டையும் போட்டு ஸ்குறூவும் பூட்டுகிற அந்த மெசின் வந்தபோது நான் அதை மதிக்கவில்லை, உண்மைதான். வயர் இல்லாத சாமான் முதிரை மரத்தில் என்ன செய்யும் என்று கேட்டேன். பிறகு 2022 பங்குனி வந்தது. ஒரு நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை கறன்ற் நின்ற காலம். மற்றத் தச்சுப் பட்டறைகளில் மெசின்கள் துணி போர்த்திக்கொண்டு கிடக்க, நான் கறன்ற் வருகிற நேரத்தில் இரண்டு பற்றரியையும் ஏற்றிவிட்டு வீடு வீடாகப் போய்ப் பிணைச்சல் பூட்டினேன். இன்னும் கறன்ற் இழுக்காத புது வீடுகளில் இப்போதும் அப்படித்தான். நீ செய்த உபகாரத்தை மறக்கவில்லை.

பிழை எங்கே வந்தது என்றால் என் கைப்பழக்கத்தில். உனக்கு அந்தக் காலம் தெரியாது. தொண்ணூறுகளில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் ரோர்ச் பற்றரி கொண்டு வர முடியாது. பெற்றோல், சீமெந்து, பசளை என்று நீண்ட அந்தப் பட்டியலில் விரல் மொத்தப் பற்றரிக்கும் இடம் கொடுத்திருந்தார்கள். இரவுச் செய்தி கேட்பதற்கு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் றேடியோ கதைக்கும். யாரிடமாவது இரண்டு பற்றரி இருந்தால் அதைக் கடைசித் துளி வரை பிழிவோம். செத்த பிறகு தகரத்தில் போட்டு வெயிலில் காய வைப்போம். பின்னேரம் எடுத்துப் போட்டால் இன்னும் கால் மணித்தியாலம் பாடும். அது கரிப் பற்றரி, சூடு பட்டால் உள்ளே கிடக்கிற மிச்சசொச்சம் கொஞ்சம் அசையும். பிழி, காய வை, திரும்பப் பிழி. இந்தக் கைக்குத் தெரிந்த பற்றரிச் சாத்திரம் அவ்வளவுதான்.

உன் பற்றரியையும் அப்படியே நடத்தினேன். வேகம் குறைந்து மெசின் நின்ற பிறகும், விசையை விட்டு விட்டு அமத்தினால் இன்னும் இரண்டு ஸ்குறூ போகும் பார், அதையும் விடுவதில்லை. முழுதாக இறக்கி ஏற்றினால்தான் நல்லது என்று ஒருவர் சொன்னதும் வசதியாகப் போயிற்று. அது பழைய நிக்கல் கட்மியம் பற்றரிக்குச் சொன்ன கதையாம். இது லித்தியம் அயன். பாதியில் ஏற்றினாலும் இதற்குக் கோபம் இல்லை. வெறும் வயிற்றோடு கிடப்பதுதான் ஆகாது. அதை நான் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

போன மாரியில் வேலை இல்லை. கார்த்திகையில் கடைசிச் சொட்டு வரை இறக்கிய பெரிய பற்றரியை மெசினிலேயே விட்டுப் பெட்டியை மூடினேன். தை பிறந்து திறந்தால், பற்றரியில் சார்ஜ் காட்டுகிற ஒரு லைற்றும் இல்லை. சார்ஜரில் போட்டால் அது மாறி மாறிக் கண்ணைச் சிமிட்டுகிறதே தவிர ஏற்றுகிறதாக இல்லை. நான் என்ன செய்திருப்பேன் என்று நீயே ஊகிப்பாய். கொட்டில் தகரத்தில் வெயிலுக்கு வைத்தேன். இரண்டு நாள்!

மூன்றாம் நாள் வவுனியாவுக்குக் கொண்டுபோனேன். மெசின் திருத்துகிற பெடியன் ஒருவன், உன் வயது இருக்கும், நான்கு ஸ்குறூவைக் கழற்றி மூடியை எடுத்தான். நான் உள்ளே ஒரே கட்டியாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். பத்துக் குழாய்கள், சின்ன வெடிக்கட்டு மாதிரி. ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், அதனால் 18650 என்று பெயராம். மேலே மெல்லிய நிக்கல் தகடு ஒட்டி, இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து, ஐந்து சோடியை வரிசையாகக் கோத்திருக்கிறது. ஒரு குழாய் 3.6 வோல்ற், ஐந்து சேர்ந்தால் 18. முழுதாக ஏற்றியவுடன் அளந்தால் 20ஐத் தாண்டும், அமெரிக்காப் பக்கத்தில் சில கொம்பனிகள் அதைத்தான் 20 வோல்ற் என்று அடித்து விற்கிறார்கள், பற்றரி ஒன்றுதான். மீற்றரை வைத்துக் காட்டினான். நான்கு சோடி 2 வோல்ற்றுக்குக் கிட்ட, ஒரு சோடி 0.6. "அண்ணை, இது இரண்டரைக்குக் கீழே போகக்கூடாது. போய்க் கன நாள் கிடந்தால் உள்ளே இருக்கிற செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகும்" என்றான். இன்னொரு பற்றரியிலிருந்து வயர் போட்டு உசுப்பிவிட முடியாதா என்று கேட்டேன். அப்படிச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்களாம். தான் செய்யமாட்டேன் என்றான், சார்ஜர் மறுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்றான். காசும் வாங்கவில்லை. "குப்பையில் மட்டும் எறிந்துவிடாதையுங்கோ" என்று சொல்லித்தான் விட்டான்.

நான் கேட்கவில்லை. பத்துக் குழாயும் ஒரு சொப்பிங் பையில் வந்து, வளவு மூலையில் சருகுக் குவியலோடு சேர்ந்தது. அடுத்த வெள்ளி அம்மா முற்றம் கூட்டிக் குவியலுக்கு நெருப்பு வைத்தா. நான் படலையடியில் நின்று ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். முதல் வெடி கேட்டது. கையெறிகுண்டு அளவுக்கு இல்லை, ஆனால் சீனவெடியும் இல்லை. இரண்டாவது வெடியில் ஒரு குழாய் சீறிக்கொண்டு வந்து வேலிக் கிடுகில் குத்தி அங்கே எரிந்தது. என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவர் ஒழுங்கையில் குப்புறப் படுத்துவிட்டார். முன்வீட்டு ஆச்சி கிணற்றுக் கட்டுக்குப் பின்னால். அம்மா விளக்குமாற்றையும் பிடித்தபடி வேப்பமரத்தடியில் தரையோடு தரையாக. நானும்தான், என்ன வெடிக்கிறது என்று தெரிந்திருந்தும் உடம்பு என்னைக் கேட்கவில்லை. கடைசிச் சண்டைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் மட்டும் நின்ற நிலையில் நின்று எங்களைப் பார்த்தார்கள்.

பிறகு ஒரே சத்தம். நிலத்துக்குள் கிடந்த பழைய சாமான் ஏதோ சூட்டில் வெடித்தது, விதானையாருக்குச் சொல்லுங்கோ, கண்ணிவெடி எடுக்கிற ஆக்களைக் கூப்பிடுங்கோ, இந்த வளவைச் சுற்றிக் கயிறு கட்டுங்கோ என்று ஆளுக்கு ஒன்று. ஒருவர் போனைக் காதில் வைத்துவிட்டார். அப்போதுதான் நான் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, "அது என்ர றில் மெசின் பற்றரி" என்று சொன்னேன். அன்றையிலிருந்து அம்மா என்னைக் கூப்பிடுகிற பெயரை இங்கே எழுதமாட்டேன். வேலிக்குத் தண்ணீர் அடித்து அணைத்தோம். அந்தப் புகை மூக்கைப் பிடுங்கியது, அது நஞ்சு என்பதால் பிள்ளைகளைத் துரத்திவிட்டேன்.

அடுத்த நாள் விறாண்டியால் கிளறிப் பத்தையும் பொறுக்கினேன், வெடித்ததும் வெடிக்காததுமாக. உலர்ந்த மணல் நிரப்பிய பழைய மண்பானைக்குள் போட்டு, வீட்டிலிருந்து தள்ளி வேலி மூலையில் கல்லுக்கு மேலே வைத்திருக்கிறேன். பழைய இரும்புக்காரன் வந்தான், கார் பற்றரி என்றால் நிறுத்து எடுப்பேன், இது வேண்டாம் என்று போய்விட்டான். அவன் எடுத்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன், அவனுடைய வண்டிலிலும் நெருப்புப் பிடிக்கும். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி உள்ள மின்கழிவுக்காரர்கள்தான் இதை எடுக்க வேண்டியவர்கள். நீ வேலை செய்கிற சைற்றில் பழைய பற்றரி போடுவதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று முன்பு சொன்னாய். நீ திரும்பிப் போகும்போது தந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பழுதான பற்றரியைப் பிளேனில் ஏற்றவே கூடாதாம். சரி, பானை இங்கேயே இருக்கட்டும், கொழும்புக்கு வான் போகிற ஒரு நாளில் பார்ப்போம்.

இப்போது சின்னப் பற்றரியை எப்படி வைத்திருக்கிறேன் தெரியுமா? இரண்டு லைற்றுக்கு இறங்கியதும் ஏற்றப் போடுகிறேன். முதிரையிலும் பாலையிலும் முனை மழுங்கிய துளைப் பிற்றைக் குத்தி அழுத்தினால் பற்றரி தோசைக்கல்லாகிவிடும், அந்தச் சூட்டோடு சார்ஜரில் வைப்பதில்லை. அரை மணித்தியாலம் நிழலில் கிடக்கும். சார்ஜரையும் கொட்டிலிலிருந்து கிளப்பிவிட்டேன். மத்தியானத்தில் தகரத்துக்குக் கீழே மனிசரே இருக்க முடியாது, அதோடு காலடியில் எல்லாம் சீவலும் தூளும். விறாந்தைச் சீமெந்தில் வைத்து, நான் முழித்திருக்கும்போது ஏற்றி, படுக்கப் போகுமுன் பிளக்கைக் கழற்றிவிடுவேன். மின்னல் தொடங்கினாலும் கழற்றுவேன். மாரியில் சும்மா கிடந்தால் பாதி ஏற்றி, மெசினிலிருந்து பிரித்து, மாதம் ஒருக்கால் லைற்றைப் பார்ப்பேன். வேலைக்கு வருகிற பெடியன் ஒரு நாள் பற்றரியை ஸ்குறூப் பையோடு சேர்த்துப் போட்டுவிட்டான். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு ஸ்குறூ விழுந்து, ஷோர்ட் ஆகிச் சூடேறி, பையில் ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்கு ஓட்டை. அதற்குப் பிறகு மூடி இல்லாமல் பற்றரி நகர்வதில்லை.

இனி நீ கொண்டு வருகிற விசயம். மலிவாக ஒன்று இங்கேயே வாங்கலாம் என்று ஒரு கடையில் கேட்டேன். 18 வோல்ற், 10 ஆம்பியர் அவர் (Ah) என்று பெரிய எழுத்து. கையில் எடுத்தால் பஞ்சு. கடைத் தராசில் வைத்தேன், எங்கள் சின்னப் பற்றரியின் நிறைதான், அதற்குள் ஐந்து குழாய்க்கு மேல் இருக்க வழியில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகவே மெசினின் சொந்தப் பற்றரியையே வாங்கு.

ஆனால் பெரிதாக வேண்டாம், முன்பு தந்த அதே 5 ஆம்பியர் போதும். ஏன் தெரியுமா, வோல்ற்றை ஆம்பியர் அவரால் பெருக்கிப் பார்: 18 தர 5, 90 வாற் அவர் (Wh). 100 வரை கைப்பையில் கொண்டு வரலாம். 6 ஆம்பியர் என்றால் 108, அதற்குப் பிளேன்காரரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் விடமாட்டார்கள், 160ஐத் தாண்டினால் கதையே இல்லை. உன் மச்சான் இது தெரியாமல் பெரிய பெட்டிக்குள் வைத்து, எயார்போர்ட்டில் பெட்டியைத் திறக்க வைத்து, பற்றரியை எடுத்துவிட்டார்கள். தனிப் பற்றரி கையோடுதான் வரவேண்டும், முனைக்கு மூடி போட்டு அல்லது ரேப் ஒட்டி. கார்கோவில் போடுகிற எண்ணமும் வேண்டாம்.

சார்ஜர் வேண்டாம், இருப்பது நல்லாக இருக்கிறது. உங்கள் பக்கமும் இங்கே மாதிரி 230-240 வோல்ற் என்பதால் நீ வாங்கியது இங்கே சரிவந்தது. சித்தப்பா வீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்த சார்ஜர் 120 வோல்ற். பெட்டியைப் பிரித்த கையோடு செருகினார்கள், ஒரு டப், அவ்வளவுதான்.

அப்புறம் பிற்று. 3 மில்லிமீற்றரும் 4 மில்லிமீற்றரும், நல்ல உருக்கில். முதிரைக்கு முதலில் மெல்லிய ஓட்டை போடாவிட்டால் ஸ்குறூவின் தலை முறிகிறது. அதைக் கைப்பையில் வைத்துவிடாதே, பெட்டிக்குள் போடு. பற்றரி கையில், பிற்று பெட்டியில், மாறிப் போய்விடக்கூடாது. தங்கச்சி வீட்டு யன்னல் பத்துக்கும் சட்டம் இழைத்து அடுக்கி வைத்திருக்கிறேன். சின்னப் பற்றரியோடு தனியே பூட்டினால் ஒரு கிழமை இழுக்கும். நீ வந்தால் இரண்டு நாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு: அம்மா பேரீச்சம்பழம் கேட்கிறா. அது எவ்வளவு வேண்டுமானாலும் பெட்டிக்குள் வரலாம்.