ஆண்டறிக்கை 2025–26: பழைய சாயப்பட்டறை நிலத்தைச் சீர்செய்யும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வார்டுப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் முறை ஆகியவற்றின் விவரம் வரவு செலவுக் கணக்கோடு தனியே இணைக்கப்பட்டுள்ளது. இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பு பெரும்பாலும் நொய்யல் ஆற்றின் கரையோரம் பூட்டிக் கிடக்கும் ஒரு ஏக்கர் சாயப்பட்டறை நிலத்துக்கே போனதால், அறிக்கையும் அதைப் பற்றியதே.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்துகொண்டவை மீண்டும் ஓடின. முடியாத சிறு பட்டறைகள் பூட்டியபடியே நின்றுவிட்டன. அந்த நிலங்களுக்கு இப்போது சைட் விலை வந்திருக்கிறது. “சாயம் எப்போதோ வெளுத்துப் போச்சு, இத்தனை வருச மழையில எல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும்” என்பது விற்க வருபவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம்.

சாயம் வெளுக்கும், உப்பு வெளுக்காது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற லிட்டருக்கு 60 கிராம் உப்பு போடுவது சாதாரணம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. அதில் துணியோடு தங்குவது சொற்பம், மீதி முழுவதும் கழிவுநீரில்தான். நொய்யலின் சாயக் கழிவுநீர் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மண் பரிசோதனையில் முதல் முறை தவறு நடந்தது. ஐந்து இடத்து மண்ணைக் கலந்து ஒரே பொட்டலமாக அனுப்பினார்கள். வயலுக்கு அது சரி. பட்டறை நிலத்தில், கசடு கொட்டிய மூலையின் உப்பு நல்ல மண்ணோடு கலந்து மறைந்துபோகும். இரண்டாம் முறை 10 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 0–15, 15–50, 50–100 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக எடுத்தோம். மேல்மண்ணைவிட அடிமண்ணே மோசம். மழை உப்பைக் கழுவவில்லை, சுக்கான் படிவம் (கெட்டிப்பட்ட சுண்ணாம்பு அடுக்கு) வரை கீழே இறக்கி வைத்திருக்கிறது.

முடிவுகளைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர் மண் என்பது, மண்ணைக் குழைத்துப் பிழிந்த சாற்றுக்கான அளவு. நம் பக்கத்து ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து பார்க்கின்றன. அந்தக் கரைசலில் 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். “4-க்குக் கீழேதானே இருக்கிறது” என்று காகிதத்தை நீட்டுபவரிடம், எந்த முறையில் பார்த்தது என்று முதலில் கேளுங்கள்.

வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் நிலத்தடிச் சேகரிப்புத் தொட்டி. மூடிக் கிடந்த தொட்டியில் சல்பேட் உப்பும் கசடும் சேர்ந்து புளித்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு உண்டாகும். அதிக அளவில் அது மூக்கையே மரக்கச் செய்துவிடும் என்பதால், நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. கசடைக் கிளறும்போதுதான் வாயு கிளம்பும், எனவே காலையில் ஒருமுறை பார்த்தது மதியத்துக்குச் செல்லாது. ஆளை இறக்காமல் மேலிருந்தே பம்பு வைத்து எடுக்கச் சொன்னோம். வாயுமானியில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு) தாண்டினாலோ விளிம்பில் நிற்பவர்களும் விலக வேண்டும் என்பதே விதி. இரண்டு நாள் தாமதமானது. அந்தத் தாமதத்துக்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

சுத்திகரிப்புக் கசடு, அபாயகரக் கழிவு மேலாண்மைக்கான 2016 விதிகளின் 35.3 வகைப்படி அபாயகரக் கழிவு. வண்டியோடு படிவம் 10 என்ற பல நகல் கொண்ட சீட்டு போக வேண்டும்: மஞ்சள் நகல் அனுப்புபவரிடம் தங்கும், நீல நகல் பெற்றுக்கொண்ட இடத்திலிருந்து திரும்பி வரும். நீல நகல் வராத நடை போய்ச் சேராத நடை என்றே சங்கம் கணக்கில் வைக்கிறது. கசடு முழுவதும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வெளியேறிவிட்டது.

நிலத்திலுள்ள பழைய போரை (ஆழ்துளைக் கிணற்றை) மூடுவதில்தான் வாக்குவாதம் நீண்டது. கைவிட்ட போரைக் களிமண், மணல், கல் கொண்டு நிரப்பச் சொல்வது குழந்தைகள் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு. மணலும் கல்லும் உப்புத் தண்ணீரைத் தடுக்காது. மேலடுக்கின் உப்பு நேராகப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, பக்கத்துத் தோட்டத்துப் போரில் ஏறும். குழாயை அடிவரை இறக்கி, சிமென்ட் பாலைக் கீழிருந்து மேலாக ஏற்றுவதே முறை. ஆறரை அங்குலம், 600 அடி போருக்கு ஏறக்குறைய 3.9 கன மீட்டர் பிடிக்கும். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 41 லிட்டர் கரைசல் கிடைக்கும் என்பதால் 95 மூட்டை ஆகும். வெடிப்புகளில் போவது தனி. இந்தக் கணக்கைக் காட்டிய பிறகே நில உரிமையாளர் சம்மதித்தார்.

மண்ணைக் கழுவும் யோசனையை ஏக்கர் முழுவதற்கும் வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. 30 செ.மீ. ஆழ மண்ணிலுள்ள உப்பில் பெரும்பங்கைக் கழுவ 30 செ.மீ. தண்ணீர் தேங்கி இறங்க வேண்டும். ஏக்கருக்கு 12 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி நூறு. இறங்கும் அந்த உப்புத் தண்ணீரைத் துளைக்குழாய் பதித்துப் பிடித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பாவிட்டால் அது ஊர்க் கிணறுகளுக்குத்தான் போகும். எனவே மரம் வைக்கும் பகுதிக்கு மட்டும் கழுவுதல். அங்கும் முதலில் ஜிப்சம்: 100 கிராம் மண்ணில் ஒரு மில்லி ஈக்விவலன்ட் (ஆய்வக அறிக்கையில் வரும் வேதியியல் அளவு) சோடியத்தை மாற்ற, 30 செ.மீ. ஆழத்துக்கு ஏக்கருக்குச் சுமார் ஒன்றரை டன். ஜிப்சம் போடாமல் வெறும் தண்ணீர் விட்டால் களிமண் கலைந்து மேலே ஏடு கட்டிவிடும், தண்ணீர் இறங்காது. புங்கனும் சவுக்கும் முதலில் வைக்கலாம். வாழைக்கும் எலுமிச்சைக்கும் அது இடமல்ல.

கட்டடம் வரும் பகுதியில் 20 எம்.எம். ஜல்லி 15 செ.மீ. விரித்து, மேலே துணிப்படலம், அதன்மேல் வெளிமண். ஜல்லி இடைவெளி இல்லாவிட்டால் உப்பு மேலேறி இரண்டே கோடையில் பூச்சு உதிரும். அங்குள்ள தண்ணீரில் கான்கிரீட் கலக்கவே கூடாது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தரும் எல்லை.

நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் லேஅவுட் வரைபடத்தில் பழைய கசடு மூலையைப் பூங்காவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். சங்கம் எழுத்துமூலம் ஆட்சேபித்துள்ளது. மண்ணில் கை வைத்து விளையாடும் பிள்ளைகளுக்கு நிலத்தின் மிகக் கெட்ட துண்டைக் கொடுப்பதை ஒருபோதும் ஏற்க முடியாது. அந்த மூலை தளம் போட்ட வண்டி நிறுத்துமிடமாக இருக்கட்டும், பூங்கா தெற்குப் பக்கம் வரட்டும்.

மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள் 2025 ஜூலையில் வந்துள்ளன. அவற்றின்கீழ் இந்த நிலத்தையும், ஆற்றோரம் இதேபோல் பூட்டிக் கிடக்கும் மற்றவற்றையும் சந்தேகத்துக்குரிய இடங்களாகப் பதியுமாறு மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

கிணறு, போர் வைத்திருக்கும் உறுப்பினர்கள் சித்திரையிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின்) அளவு பார்த்து, தேதியோடு சங்க நோட்டில் எழுதித் தர வேண்டுகிறேன். மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகே தண்ணீர் பிடிக்கவும். அளவுக்கருவி சங்க அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்