மாமா, கயிலாயம் போகலாமா என்று கேட்டீர்களே

அன்புள்ள மாமாவுக்கு,

போன வாரம் போனில், "நீ போயிட்டு வந்தவ, சொல்லு. இந்த வயசுல அவ்வளவு கஷ்டப்பட்டுப் போகத்தான் வேணுமா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மறுநாள் அத்தை தனியாகக் கூப்பிட்டு, "எப்படியாவது அவர் மனசை மாத்திடும்மா" என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

போகலாம் மாமா. ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள்.

நான் 2019 ஜூனில் நேபாளம் வழியாக ஹெலிகாப்டர் பயணத்தில் போனேன். பத்தே நாள் என்றதும் லீவுக்குச் சரியாக இருக்கிறது என்று பணம் கட்டிவிட்டேன். நேபாள்கஞ்ச் வெயில் கொளுத்தும் சமவெளி. அங்கிருந்து சின்ன விமானத்தில் சிமிகோட், ஏறக்குறைய 2,900 மீட்டர். பிறகு ஹெலிகாப்டரில் ஹில்சா. பாலத்தைத் தாண்டினால் திபெத். அன்று ராத்திரி தக்லாகோட்டில் தலை சாய்த்தபோது கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் இருந்தோம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறுகிறவர்களுக்கு அரிச்சுவடி. அதை ஒரே நாளில் மீறியிருந்தோம். பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எல்லாரும் போறாங்க மேடம்" என்றதோடு சரி.

மானசரோவரை முதலில் பார்த்தபோது வண்டிக்குள் யாரும் பேசவில்லை. அந்த நீலத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஏரிக்குள் இறங்க எங்களை அனுமதிக்கவில்லை. வாளியில் மொண்டு கரையில் நின்றுதான் ஊற்றிக்கொண்டோம். முதல் சொம்பில் மூச்சு நின்றுவிட்டது, அப்படியொரு குளிர்.

பரிக்கிரமா, அதாவது கயிலை மலையைச் சுற்றி வரும் நடை, மொத்தம் 52 கிலோமீட்டர், மூன்று நாள். திபெத்தியர்கள் பலர் ஒரே நாளில் சுற்றிவிடுகிறார்கள். சிலர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து சுற்றுகிறார்கள். முதல் நாள் யமதுவாரத்தில் தொடங்கி, ராத்திரி தங்குகிற டிராபுக் வரை நடை. கஷ்டம்தான், ஆனால் பெரிய ஏற்றம் கிடையாது. இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை. டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். குதிரை வைத்துக்கொண்டாலும் கணவாயிலிருந்து இறங்கும்போது கீழே இறங்கி நடந்துதான் ஆக வேண்டும், அவ்வளவு செங்குத்து.

நான் சொல்ல வந்தது டிராபுக்கில் நடந்தது. எங்கள் குழுவில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முதல் நாள் என்னைவிட வேகமாக நடந்தவர். விடியற்காலை கிளம்பும்போது கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை. அவிழ்த்தார், மறுபடி கட்டினார். மூன்றாம் தடவையும் விழவில்லை. குளிரில் கை விறைத்திருக்கும் என்று நினைத்து நான் கட்டிவிடக் குனிந்தேன். பின்னாலிருந்து வழிகாட்டி என் தோளைத் தொட்டு நிறுத்தினார். அந்த அம்மாவை எழுப்பி, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரலைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். உயரத்தில் மூளை வீங்கத் தொடங்கினால் இப்படித்தான் தெரியுமாம். அதற்கு ஒரே வைத்தியம் உடனே கீழே இறக்குவது. மாத்திரையும் ஆக்சிஜன் சிலிண்டரும் இறக்குகிற வரைக்கும் தாங்குவதற்குத்தான்.

அந்த அம்மா கீழே இறங்க மறுத்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படித் திரும்புவேன்" என்று வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வழிகாட்டி அசையவில்லை. அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். மறுநாள் மாலை மலையடிவார ஊரான டார்சென்னில் அந்த அம்மாவைப் பார்த்தபோது தெளிவாகப் பேசினார், கஞ்சி குடித்தார்.

மாமா, கயிலையின் வடமுகத்தை மிக அருகில் முழுசாகப் பார்ப்பது அந்த டிராபுக்கில்தான். கணவாயில் இல்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார். முந்தின நாள் அந்தி வெளிச்சத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

ஆகவே, உங்கள் கால் தாங்குமா என்று நான் கேட்கப்போவதில்லை. தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறவர் நீங்கள். பாதியில் "போதும், திரும்புங்கள்" என்று ஒருவர் சொன்னால் திரும்புவீர்களா? அது ஒன்றுதான் என் கேள்வி.

சின்ன வயதில் எனக்கு அப்பர் கதை சொல்வீர்கள். நடந்து பாதம் தேய்ந்து, தவழ்ந்து, மார்பால் நகர்ந்து, உருண்டு போனார் என்று. முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போ என்றபோது, கயிலையைக் காணாமல் மீள மாட்டேன் என்று சொன்ன இடத்தில் உங்கள் குரல் தழுதழுக்கும். அந்தக் குரலை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பர் மலைவரை போய்ச் சேரவில்லை, மாமா. அங்கே ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். கயிலைக் காட்சி அவருக்குக் கிடைத்தது காவிரிக்கரையில். இதையும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

போவதென்றால் அரசாங்க யாத்திரையில் போங்கள். வெளியுறவு அமைச்சகம் நடத்துவது. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு 2025இல் மறுபடி தொடங்கினார்கள். அந்த வருடம் உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியில் ஐம்பது ஐம்பது பேராக ஐந்து குழு, சிக்கிமின் நாது லா கணவாய் வழியில் பத்துக் குழு. விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுக்கிறார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும், அந்த நாட்கள்தான் உடம்புக்குப் பாதுகாப்பு. டெல்லியில் முழு மருத்துவப் பரிசோதனை, வழியில் உயரத்தில் இன்னொரு பரிசோதனை. தேறாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தை காதில் விழ வேண்டியது இதுதான்.

வயது வரம்பு 70. உங்களுக்கு இப்போது 66. பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் கணக்கு, 25க்குள் இருக்க வேண்டும். ஐந்தடி ஐந்து அங்குலத்துக்கு அது 68 கிலோ. நீங்கள் 74. ஆறு கிலோ குறைக்க வேண்டும், அவசரமில்லாமல் குறையுங்கள். பிரஷர் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். மலை உயரம் ஒத்துக்கொள்ளப் போடுகிற டயமாக்ஸ் மாத்திரை பற்றியும் அவரிடமே கேளுங்கள். அது சல்ஃபா வகையைச் சேர்ந்தது, சல்ஃபா மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அத்தை ஒருமுறை சொன்ன ஞாபகம். அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

குலுக்கலில் பெயர் வராவிட்டால் அடுத்த வருடம் மறுபடி போடுவோம். அந்தக் கோபத்தில் ஹெலிகாப்டர் பயணத்துக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். அதில் வேறு தலைவலியும் உண்டு. 2018 ஜூலையில் வானிலை கெட்டு சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் யாத்திரிகர்கள் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

என் கம்பளித் தொப்பி, கையுறை, நடைக்கோல் எல்லாம் பரண்மேல் இருக்கிறது. அடுத்த மாதம் வரும்போது எடுத்து வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம். அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்