முதல் யோ-யோ கழற்றக்கூடியதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டுமானால் ஒரு யோ-யோ வாங்கிக் கொடுக்கலாம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் பிளாஸ்டிக் வேண்டாம், சீக்கிரம் வீணாகிவிடும், உலோகமாகப் பார்த்து வாங்குங்கள் என்றும் சேர்த்திருந்தாரே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. தீபாவளிக்குப் பெரியவர்கள் உறையில் போட்டுக் கொடுத்த அங்பாவ் பணத்தையெல்லாம் கொட்டி அலுமினிய யோ-யோ வாங்கி, விடுமுறை முடிவதற்குள் அதை இழுப்பறைக்குள் போட்டுவிட்ட பிள்ளைகள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள்.

ஏன் போட்டுவிடுகிறார்கள் தெரியுமா? அது திரும்பி வருவதில்லை. நம் காலத்து யோ-யோ கயிற்றைச் சுண்டினால் கைக்கு ஏறிவிடும். இப்போதைய போட்டி யோ-யோவுக்கு நடுவில் பேரிங் இருக்கிறது, இரண்டு பாதிக்கும் இடையில் வாய் அகலம், பம்பரம் தூங்குவது போலக் கயிற்றின் முனையில் தன்பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருக்கும், எவ்வளவு சுண்டினாலும் வராது. கயிற்றை மடித்து உள்ளே கொடுத்துப் பிடிக்க வைக்க வேண்டும், அதற்கு பைண்ட் என்று பெயர். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத பிள்ளை, சாமான் கெட்டுப்போய்விட்டது என்றுதானே நினைக்கும்?

கழற்றிப் பூட்டக்கூடிய பிளாஸ்டிக் யோ-யோவில் இந்தத் தொல்லையைப் படிப்படியாகக் கடக்கலாம். பேரிங்கில் கொஞ்சம் கெட்டி கிரீஸ் வைத்தால் சுண்டியதும் வரும். கை பழகியபிறகு கிரீஸைக் கழுவி உலர்த்திப் போட்டால் அதே யோ-யோ நெடுநேரம் சுழலும், அப்புறம் பைண்ட் பழகிக்கொள்ளட்டும்.

இந்த வகையில் பேர் வாங்கியது டங்கன் நிறுவனத்தின் ஃப்ரீஹேண்ட் ஸீரோ. 1999ல் ஸ்டீவ் பிரவுன் என்ற அமெரிக்கர் கயிற்றை விரலில் மாட்டாமல், அதன் முனையில் ஒரு தாயக்கட்டை போன்ற எடையைக் கட்டி, அதையும் சேர்த்து வீசி ஆடும் முறையைக் கொண்டுவந்தார். போட்டிகளில் 5ஏ பிரிவு என்பது இதுதான். ஃப்ரீஹேண்ட் என்ற பெயரும் அங்கிருந்து வந்தது. ஆனால் ஸீரோவை ஆட்டக்காரர்கள் 5ஏவோடு விட்டுவிடவில்லை. பக்கவாட்டு மூடியை நெம்பி எடுக்கலாம், பேரிங்கை மாற்றலாம், கயிற்றைப் பிடிக்கும் ஒட்டுவில்லையை மாற்றலாம், சிவப்பில் ஒரு பாதியையும் பச்சையில் ஒரு பாதியையும் சேர்த்துப் பூட்டலாம். சிலர் ஒட்டுவில்லை இருக்கும் இடத்தைக் கடைந்து பள்ளமாக்கி அதில் சிலிக்கானை நிரப்பினார்கள். மூடிக்கு அடியில் எடை வளையம் வைத்தவர்களும் உண்டு. கடையில் வாங்கியபடியே வைத்திருந்தவர் குறைவு என்றே சொல்வேன்.

என் அக்கா மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். அவனிடம் ஒரு பழைய ஸீரோவைக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் உங்கள் பத்திரிகையை விரித்துப் போட்டு (படித்து முடித்த தாள்தான், கோபிக்காதீர்கள்) இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகிக் கழற்றினான். ஐந்து காசு நாணயத்தைவிடச் சின்ன பேரிங், அதைச் சுற்றிக் கயிற்றுப் பஞ்சு சிக்கிக் கிடந்தது. அப்புறம் எடை கூட்டுகிறேன் என்று ஒரு மூடிக்கு அடியில் சுவரில் தாள் ஒட்டும் களிமண் போன்ற புளூ-டேக்கை உருட்டி ஓரமாக வைத்தான். வீசியதும் கயிறு வழியாகவே விரலில் நடுக்கம் தெரிந்தது. எடுத்து, திரியாகத் திரித்து, விளிம்பை ஒட்டி வளையமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வைத்தான். நடுக்கம் போனது, முன்பைவிட அதிக நேரமும் சுழன்றது. எடை விளிம்புக்குப் போனால் சுழற்சி நீடிக்கும் என்று நான் வாயே திறக்கவில்லை. முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அலுமினியத்தில் இதற்கெல்லாம் இடமில்லை, எல்லாம் ஆலையிலேயே முடிவாகி வந்துவிடுகிறது.

விழுந்தால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஆடப்போவது புளோக்கின் கீழ்த்தளத்து சிமெண்டுத் தரையில். அலுமினியம் அதில் மோதினால் விளிம்பு நசுங்கும், ஆட்டம் கண்டுவிடும், கரடான விளிம்பு கையையும் கீறும். பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் கீறலோடு போகும். யோ-யோவைக் கயிற்றைவிட்டே பறக்கவிடும் 4ஏ பிரிவில் பெரிய ஆட்டக்காரர்களும் பிளாஸ்டிக்தான் வைத்திருப்பார்கள்.

சரி, கயிற்றை விரலில் மாட்டி ஒரே யோ-யோவில் கயிற்று வித்தை காட்டும் 1ஏ பிரிவு மேடையில் அலுமினியம்தான் அதிகம், அதை மறுக்கவில்லை. 2011ல் ஆர்லாண்டோவில் நடந்த உலகப் போட்டியில் 1ஏ பட்டம் வென்றவர் நம் சிங்கப்பூரின் மார்கஸ் கோ, அந்த அளவுக்குப் போகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் 2014லும் 2019லும் அதே பட்டத்தை வென்ற ஜென்ட்ரி ஸ்டைன் பெயரில் யோயோஃபேக்டரி நிறுவனம் வெளியிட்ட ரீப்ளே புரோ பிளாஸ்டிக்கில் செய்ததுதானே. அதில் நெம்பி எடுக்க மூடி கிடையாது, பேரிங்கையும் ஒட்டுவில்லையையும் மாற்றலாம். தொடங்குபவருக்கு அதுவே தாராளம்.

கயிறு பற்றி யாரும் சொல்வதில்லை, சொல்லிவிடுகிறேன். மொத்தமாக வாங்கி வையுங்கள், பிள்ளையின் தொப்புள் உயரத்துக்கு வெட்டுங்கள், நைந்ததும் தூக்கிப் போடுங்கள். அறுந்தால் யோ-யோ நேரே தொலைக்காட்சித் திரைக்குத்தான் போகும்.

விடுமுறை வகுப்பு நடத்தும் சமூக மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பிலேயே வித்தை காட்டச் சொல்லாதீர்கள். யோ-யோவைக் கழற்றி, துடைத்து, பூட்டச் சொல்லிக் கொடுங்கள். கையிருப்பில் கொஞ்சம் பேரிங், ஒட்டுவில்லை, கயிறு இருந்தால் போதும், பெரிய செலவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. அலுமினியம்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், பிளாஸ்டிக்கில் பைண்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் வாங்கிக் கொடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்