ரை கூடரைத் தேடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும், அதனால் வீட்டில் இப்போதே மூட்டை கட்டும் பேச்சுதான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கியூபாக்காரர்களோடு செய்த ‘புவேனா விஸ்டா சோஷியல் கிளப்’ ஆல்பம் தவிர, அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடர் வேறு யாரோடெல்லாம் வாசித்திருக்கிறார் என்று கேட்டிருந்தாய். இந்த ஒரு வரிக்கு நான் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். அவர் தன் பெயரில் போட்ட ஆல்பங்கள் நல்லவைதான். ஆனால் அவருடைய உச்சம் அடுத்தவர் ஆல்பத்தில் பக்கவாத்தியமாக உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது என்பது என் கட்சி. பாடுகிறவருக்கு இடம் விட்டு வாசிப்பதில் அவருக்கு இணை இல்லை.

முதலில் ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ கேள். ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட், ரவிசங்கரின் சீடர், அவரோடு கூடர் வாசித்தது. 1992 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில், சாண்டா பார்பராவில் இருக்கும் ஒரு தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். இருவரும் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் வாசிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒத்திகை கிடையாது. தபலாவுக்கு சுக்விந்தர் சிங் நாம்தாரி. தும்பெக் என்ற அரபு நாட்டுக் கைமுரசுக்குக் கூடரின் மகன் யோவாகிம், அப்போது வயது 14. 1993இல் வெளிவந்து அடுத்த வருஷம் கிராமி வாங்கியது.

பட் வாசிக்கும் மோகன வீணை, கிதாரில் சுருதித் தந்திகளையும், மற்றவற்றை மீட்டும்போது தாமாகவே அதிரும் துணைத் தந்திகளையும் சேர்த்து அவரே உருவாக்கியது. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைத் தந்தி மேல் வழுக்கி வாசிப்பார். அந்தத் துணைத் தந்திகளால், அவர் ஒரு ஸ்வரத்தை விட்டு நகர்ந்த பிறகும் பின்னால் ஒரு ரீங்காரம் நின்றுகொண்டே இருக்கும். கூடரின் கிதாரில் அது கிடையாது. விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு, தந்தியைத் தாழ்த்திச் சுருதி கூட்டி, மரத்தின் ஓசை கேட்கிற மாதிரி வாசிக்கிறார். முதல் உருப்படியில் பட் ஆலாபனை மாதிரி விரித்துக்கொண்டு போக, கூடர் வேகத்தில் போட்டிக்கே போவதில்லை. இரண்டு மூன்று ஸ்வரம் வைப்பார், நிறுத்துவார், கடைசி ஸ்வரத்தை மட்டும் கொஞ்சம் அசைப்பார். மிசிசிப்பி ப்ளூஸ்காரர்களின் (ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு மரபு) அந்த அசைவு, நம் காதுக்குக் கமகமாகவே கேட்கிறது. ஹெட்போன் போட்டுக் கேள். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் தூரம்கூடத் தெரியும். கடைசி உருப்படி ‘ஈசா லெய்’, ஃபிஜித் தீவுக்காரர்களின் பிரியாவிடைப் பாட்டு. அதை விட்டுவிடாதே.

இவர்களைச் சேர்த்து வைத்தவர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர், இலங்கையில் பிறந்தவர். சாண்டா பார்பராவில் வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் நடத்தினார். வால்வு போட்ட கருவிகள், காந்த நாடா, கலைஞர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், பிறகு ஒட்டு வேலை கூடாது. இதுதான் அவர் முறை. அந்தத் தேவாலயத்தின் காற்றுகூடக் கேட்கிறது என்று நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்.

இதே நிறுவனத்தில் 1995இல் ‘மும்தாஜ் மஹால்’ என்று இன்னொன்று வந்தது. இதில் கூடர் இல்லை. ஆனால் இதில் பாடுகிற தாஜ் மஹால் இருக்கிறாரே (ப்ளூஸ் பாடகரின் மேடைப் பெயர் அது), அவர் கூடரின் ஆரம்ப காலக் கூட்டாளி. அவரோடு பட், கூடவே சித்திரவீணையில் நம் சென்னை ரவிகிரண். கோட்டுவாத்தியம் என்று நம் தாத்தா காலத்தில் சொன்னார்களே, அதே வாத்தியம்தான். அதற்கு வீணையில் இருப்பது போன்ற மெட்டுக் கட்டைகள் கிடையாது, அதையும் வழுக்கித்தான் வாசிக்க வேண்டும். இப்படி வழுக்கி வாசிப்பதைத்தான் ஸ்லைடு என்கிறார்கள். ஜெய்ப்பூர் ஸ்லைடும் சென்னை ஸ்லைடும் சேர்ந்து ஒரு அமெரிக்க ப்ளூஸ் பாடகருக்குப் பக்கவாத்தியம். எனக்கு இது அடங்காத சந்தோஷம்.

அந்தத் தாஜ் மஹாலும் கூடரும் 1965இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘ரைசிங் சன்ஸ்’ என்ற குழுவில் இருந்தவர்கள். கொலம்பியா கம்பெனிக்காகப் பாட்டுகள் பதிவானாலும், முழு ஆல்பமாக வெளிவந்தது 1992இல்தான். அப்புறம் 2022இல் இருவரும் மறுபடி சேர்ந்து, சானி டெர்ரி, பிரவுனி மெக்கீ என்ற பழைய ப்ளூஸ் இரட்டையரின் பாட்டுகளை ‘கெட் ஆன் போர்ட்’ என்று போட்டார்கள். இரண்டையும் ஒரே சாயங்காலம் கேள். முதலாவதில் இளைஞர்களின் அவசரம், இரண்டாவதில் யாருக்கும் எங்கேயும் ஓடவேண்டிய கட்டாயமில்லை.

அறுபதுகளின் மிச்சத்தையும் அதை ஒட்டி வந்ததையும் வேகமாகச் சொல்கிறேன். 1967இல் பாடகர் கேப்டன் பீஃப்ஹார்ட்டின் குழு போட்ட ‘சேஃப் அஸ் மில்க்’, அப்போது கூடருக்கு 20 வயது. அந்த ஜூனில் ஒரு விழா மேடையில் பீஃப்ஹார்ட் பாட்டின் நடுவிலேயே மேடையை விட்டு இறங்கிப் போனதும், இவர் குழுவை விட்டு விலகிவிட்டார். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘லவ் இன் வெயின்’ பாட்டில் வரும் மேண்டலின், ‘சிஸ்டர் மார்ஃபின்’ பாட்டின் ஸ்லைடு, இரண்டும் இவர் கை. லிட்டில் ஃபீட் குழுவின் முதல் ஆல்பத்தில் அவர்களுடைய கிதார்காரர் லோவல் ஜார்ஜுக்குக் கையில் காயம், அதனால் ‘வில்லின்’ பாட்டுக்கு ஸ்லைடு வாசித்ததும் கூடர்தான்.

உனக்கு ஒரு உபாயம் சொல்கிறேன். ஆல்பத்தின் பின்னட்டையில் கூடர் பெயரை மட்டும் தேடாதே, டிரம்மர் ஜிம் கெல்ட்னர் பெயரையும் தேடு. அவர் இருக்கும் இடத்தில் இவர் அடிக்கடி இருப்பார். அப்படித்தான் எனக்கு ஜான் ஹயட்டின் ‘பிரிங் தி ஃபேமிலி’ கிடைத்தது. 1987இல் வந்தது, நாலே நாளில் பதிவு செய்தது, பாஸ் கிதாருக்கு நிக் லோ. அதில் ‘லிப்ஸ்டிக் சன்செட்’ பாட்டில் வரும் கூடரின் ஸ்லைடு இருக்கிறதே, அதற்கு நான் அடிமை. ஹயட் பாடி முடித்த அதே மெட்டை எடுத்துக்கொண்டு, மூச்சு விடும் இடத்தில் இவரும் மூச்சு விடுகிறார். ஒரு ஸ்வரத்துக்கு ஏறும்போது கொஞ்சம் கீழேயே தொட்டு, பிறகுதான் சுருதியில் போய் நிற்கிறது. இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு துக்கத்தை வைக்க வேறு யாராலும் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே நால்வரும் ‘லிட்டில் வில்லேஜ்’ என்று குழுவாகவே சேர்ந்து 1992இல் ஆல்பம் போட்டார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. நாலு முதலாளிகள் கூடினால் பக்கவாத்தியம் யார் வாசிப்பது?

ஹவாயில் கேபி பஹினுயி என்ற மேதை, தந்திகளைத் தளர்த்திச் சுருதி கூட்டி வாசிக்கும் பாணிக்குப் பேர் போனவர். 1975இல் அவர் குழுவின் ஆல்பத்தில் கூடர் கூட உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அடுத்த வருஷம் தன் ‘சிக்கன் ஸ்கின் மியூசிக்’ ஆல்பத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார். மாலி நாட்டு அலி ஃபர்கா டூரேயோடு செய்த ‘டாக்கிங் டிம்பக்டு’ 1994இல் வந்தது. அதில் ‘ஐ து’ பாட்டை இரவில் கேள், டெக்சஸில் வளர்ந்த கேட்மவுத் பிரௌன் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) வாசிக்கிறார். நைஜர் ஆற்றங்கரைப் பாட்டும் டெக்சஸ் வயோலாவும் ஒன்றையொன்று உரசாமல் ஓடுகின்றன.

புவேனா விஸ்டா பற்றி உனக்குத் தெரியாத ஒன்று. 1996இல் கூடர் ஹவானா போனது மாலி கலைஞர்களையும் கியூபா கலைஞர்களையும் சேர்த்துப் பதிவு செய்வதற்காக. மாலியிலிருந்து வரவேண்டியவர்கள் வந்து சேரவில்லை. அதனால்தான் உள்ளூர்ப் பெரியவர்களை வைத்து அந்த ஆல்பம் உருவானது. கூடர் இல்லாமலேயே அந்தப் பழைய திட்டம் 2010இல் ‘ஆஃப்ரோக்யூபிஸம்’ என்று நிறைவேறியது. எனக்குக் கியூபாவில் அவர் செய்ததிலேயே பிடித்தது, மானுவேல் கல்பானோடு 2003இல் போட்ட ‘மாம்போ சினுவெண்டோ’. இரண்டு மின்சார கிதார், பெரும்பாலும் பாட்டே கிடையாது, ஐம்பதுகளின் நடன அரங்கு மாதிரி ஒரு துள்ளல். அதை அம்மாவுக்கும் போட்டுக் காட்டு, பிடிக்கும்.

இதில் எனக்கு இன்னும் கைக்குக் கிடைக்காதது ‘மும்தாஜ் மஹால்’ குறுந்தகடு. போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆனால் அட்டையோடு வேண்டும். உன் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாயே, அங்கே பழைய தட்டு விற்கும் கடைகளில் பார்த்துவர முடியுமா என்று கேள். பணம் எவ்வளவானாலும் நான் தந்துவிடுகிறேன். நீ ஹயட்டைக் கேட்டுவிட்டு உடனே எழுது, அதில் உனக்கு எந்தப் பாட்டு பிடித்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அன்புடன்,
உன் மாப்ளே