‘பக்க விளைவே கிடையாது’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இதழின் உடல்நலப் பக்கத்தில் ‘மருந்தாகும் காளான்கள்’ என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: “இயற்கையானது என்பதால் பக்க விளைவே கிடையாது; எந்த மருந்தோடும் சேர்த்துச் சாப்பிடலாம்.” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அல்சூர் ஏரிக்கரைக்கு நடக்க வருகிற பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். “நம்ம பத்திரிகையிலேயே போட்டிருக்காங்கம்மா” என்று என்னிடமும் நீட்டினார். அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பார்மசிஸ்ட். பெங்களூரு கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பல வருஷம் கவுன்டரில் நின்றவள். காளான் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. காளானும் ஒரு வகைப் பூஞ்சைதான்; பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வந்தது. கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டினும் பூஞ்சையிலிருந்து வந்ததுதான். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரினும் அப்படியே. உங்கள் கட்டுரையும் இவற்றைப் பெருமையாகச் சொல்கிறது. ஆனால் இந்த மூன்றையும் டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்கள் கொடுக்க மாட்டோம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகிறவர்கள் உண்டு. சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். உடம்பில் வேலை செய்கிற சக்தி ஒரு பொருளுக்கு இருந்தால், வேண்டாத வேலையையும் அது செய்யக்கூடும். பூஞ்சையில் இவ்வளவு சக்தி என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் பக்க விளைவே இல்லை என்று எப்படி எழுத முடிந்தது?

ரெய்ஷி என்றும் லிங்ஷி என்றும் விற்கிறார்களே, அந்தக் கனோடெர்மா காளானுக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும் தன்மை இருக்கலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் ரத்தக் கசிவு கூடலாம் என்பது அதனால்தான் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. ரெய்ஷிப் பொடியைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவுகளும் உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் அலுவலகத்தில் தேடிப் பார்க்க ஆள் இல்லையா என்ன?

என் கணவரின் அண்ணன் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர். கூட நடக்க வருகிற ஒருவர் ‘இம்யூனிட்டிக்கு’ என்று சொல்லி ஒரு டப்பா காளான் காப்ஸ்யூலைத் தலையில் கட்டிவிட்டார். அந்த ஆள் ஏஜென்ட்; ஆள் சேர்த்தால் கமிஷன். கொஞ்ச நாளில் அண்ணனுக்குக் கையெல்லாம் நீலம் நீலமாகத் திட்டு. ஒருநாள் ராத்திரி மூக்கில் ரத்தம், நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டும் ஒன்றுமில்லை என்றே சொன்னார். அண்ணிதான் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். “அது மருந்தில்லையே, காளான்தானே” என்றார் அண்ணன். அது ஒன்றுதான் காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அதை உடனே நிறுத்தச் சொன்னார். நிறுத்திய பிறகு மூக்கில் ரத்தம் வரவில்லை.

“காளான்தானே” என்று டாக்டரிடமே மறைக்க வைப்பது உங்கள் கட்டுரையில் இருப்பது போன்ற வரிகள்தான், ஐயா. காப்ஸ்யூலைவிட அந்த வரிக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

அடுத்தது புற்றுநோய். ‘ஜப்பானில் காளானால் புற்றுநோயைக் குணப்படுத்துகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டர்க்கி டெயில் காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற பொருளை 1977-ல் ஜப்பான் அனுமதித்தது உண்மை. ஆனால் அது மற்ற சிகிச்சையோடு துணையாகக் கொடுக்கத்தான். ரெய்ஷி பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) ஆய்வும் அதைப் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சையாகக் கொடுக்க ஆதாரம் போதாது என்றே சொல்கிறது. கீமோவுக்குப் பயந்து நாளைக் கடத்துகிறவர்களை நான் கவுன்டரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் உங்கள் பக்கம் கிடைத்தால் என்ன ஆகும்?

மறதிக்கு லயன்ஸ் மேன் காளான் என்று நீங்கள் எழுதியிருப்பதும் அப்படித்தான். 2009-ல் ஜப்பானில் நடந்த சோதனை அது. 50 முதல் 80 வயது வரை, லேசான மறதி உள்ள சுமார் 30 பேர்; 16 வாரம் காளான் மாத்திரை சாப்பிட்டது அதில் பாதிப் பேர்தான், மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. காளான் சாப்பிட்டவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. நிறுத்தி நாலு வாரத்தில் அதுவும் குறைந்தது. அக்கறையோடு தொடர வேண்டிய ஆராய்ச்சிதான், மறுக்கவில்லை. ‘மறதி நோய் பறந்துவிடும்’ என்று அதற்குத் தலைப்பு வைக்க முடியாது. வீட்டில் மறதிக்காரர் இருக்கிற குடும்பம் எதை வேண்டுமானாலும் கடன் வாங்கி வாங்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

சொல்ல ஆரம்பித்த பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இதழில் முன்பு டாக்டர் பதில் பகுதி வந்துகொண்டிருந்தது. என் மாமியார் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். காரணம் சொல்லாமல் அதை நிறுத்தினீர்கள். இப்போது அந்த இடத்தில் எழுதுகிறவருக்குப் பெயரும் இல்லை, படிப்பும் போடுவதில்லை. போன வருஷம் சர்க்கரை நோய்க்கு ஏதோ பொடி. அதற்கு முன்னால் மூட்டு வலிக்கு ஒரு சாறு. அப்போதும் எழுதினேன். முழுப் பக்கக் கடிதத்தில் கோலப் பகுதியைப் பாராட்டிய ஒரு வரியை மட்டும் எடுத்து, என் பெயரோடு போட்டீர்கள். அன்றைக்கு ரொம்பவும் வருத்தப்பட்டேன். கர்நாடகத்தில் இருந்துகொண்டு தமிழ் இதழுக்குச் சந்தா கட்டுவது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. பேரப்பிள்ளைகள் கன்னடமும் இங்கிலீஷும் படிக்கிற வீட்டில் வருகிற ஒரே தமிழ் அச்சு உங்களுடையது. அதனால்தான் அதில் வருவதை அப்படியே நம்புகிறோம்.

கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே ரெய்ஷி காப்ஸ்யூல் விளம்பரம், ‘சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய்க்கு’ என்று போன் நம்பரோடு. இந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்த டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருப்பதைக் காட்டி ‘அரசாங்கமே ஒப்புக்கொண்டது’ என்கிறார்கள் ஏஜென்ட்டுகள். அது உணவுப் பொருள் விற்பதற்கான உரிமம். நோய் தீரும் என்பதற்கான சான்று இல்லை. உணவுப் பொருள்களுக்கான 2016 விதிகளின்படி இந்த மாதிரி டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டாக வேண்டும். டப்பாவே மருந்தில்லை என்கிறபோது நீங்கள் ‘மருந்தாகும்’ என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள்.

காளானைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எவ்வளவோ இருக்கிறது. இங்கே ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் காளான் வளர்க்கப் பயிற்சி தருகிறார்கள், விதையும் கிடைக்கிறது. சிப்பிக் காளானை வீட்டிலேயே வைக்கோலில் வளர்க்கலாம். நறுக்கிக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் அதில் வைட்டமின் டி2 கூடுகிறது. மிளகு தட்டிப் போட்டு வதக்கினால் சாதத்துக்கு நன்றாக இருக்கும். இதை எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், கீமோ எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் காளான் காப்ஸ்யூலைத் தொடுவதற்கு முன்னால் தங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று அடுத்த இதழில், அதே உடல்நலப் பக்கத்தில், ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் வேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது.

இடமில்லை என்று இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால், மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். ஸ்ரீராம்புரத்து அண்ணனைப் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
அல்சூர், பெங்களூரு