கேட்டாத்தானே குடுக்கலாம் எண்டு சொல்லாதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் திருகோணமலை உவர்மலையில இருக்கிற உங்கட வாசகி. பேப்பருக்கு எழுதுறது இதுதான் முதல்தரம், எழுத்துப்பிழை இருந்தாத் திருத்திப் போடுங்கோ, விசயத்தை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

போன மாசம் கச்சான் காத்து அடிச்சு ஊரே அடுப்பு மாதிரி இருந்த ஒரு நாள், எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டுக்கு உடுப்புத் தோய்க்க வந்த அம்மா ஒராள் கிணத்தடியில மயங்கி விழுந்திட்டா. சத்தம் கேட்டு நாங்க மூண்டு பேர் ஓடிப்போய் மாமரத்து நிழலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, முகத்தில தண்ணி தெளிச்சு, சீனியும் உப்பும் கரைச்சுப் பருக்கி, கண் முழிச்சாப் பிறகு கேட்டா, விடிய அஞ்சு மணிக்கு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு பஸ் ஏறினவவாம், அப்ப நேரம் பன்னெண்டரை. அந்த வீட்டு அம்மா கெட்டவ இல்லை, யாருக்கும் ஒண்டெண்டா முதல் ஆளா நிக்கிறவ. அவ அண்டைக்குப் பதறிப்போய்ச் சொன்ன ஒரு வசனம்தான் என்னை இதை எழுத வைச்சது. "ஐயோ, பசிக்குதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் குடுத்திருப்பனே, கேட்டாத்தானே குடுக்கலாம்."

கேக்க மாட்டினம். அடுத்த வீட்டில வேலைக்கு நிக்கிறவை வாயைத் திறந்து கேக்க மாட்டினம், இதை நான் அனுபவிச்சுத்தான் சொல்லுறன். 2007 தொடக்கம் 2016 மட்டும் நான் குவைத்தில ஒரு வீட்டில கத்தாமாவா, அதாவது வீட்டு வேலைக்காரியா இருந்தனான். முதல் ரெண்டு வருசம் அந்த வீட்டில நான் எனக்கெண்டு ஒண்டுமே கேக்கேல்ல. பல்லுக்குத்து வந்து பன்னெண்டு நாள் கராம்பை வாயில அதக்கிக்கொண்டு வேலை செஞ்சன், நோன்பு மாசத்தில இருபது பேருக்குச் சமைச்சுப்போட்டு நான் சாப்பிடேக்க இரவு பதினொரு மணி தாண்டியிருக்கும். மேடம் அடிக்கிறவவோ பட்டினி போடுறவவோ இல்லை, கேட்டிருந்தா அவவும் குடுத்திருப்பா எண்டுதான் இப்ப நினைக்கிறன். ஆனா கேட்டாப் பிறகு முகம் மாறினா என்ன செய்யிறது, வேலை ஏலாத ஆள் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டா ஊரில வாங்கின கடனை ஆர் கட்டுறது எண்டு ஒரு பயம் நெஞ்சுக்குள்ளேயே இருக்கும், அந்தப் பயத்தோட ஒரு வெக்கமும் சேந்து வாயை அடைச்சுப்போடும். கடைசியில மேடத்தின்ர தாய், எழும்பி நடக்க ஏலாத கிழவி, ஒரு நாள் என்ர கையைப் பிடிச்சு சாப்பிட்டியா எண்டு அரபியில கேட்டா. அண்டையில இருந்துதான் நான் அந்த வீட்டில கதைக்கத் தொடங்கினன்.

2013 ஜனவரி 9ம் திகதி எங்கட மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை சவூதியில தலையை வெட்டின செய்தி வரேக்கயும் நான் அந்தக் குசினிக்குள்ளதான் நிண்டன். சுனாமி வந்த அடுத்த வருசம், 2005ல, பாஸ்போட்டில வயசைக் கூட்டிப்போட்டு அனுப்பின பிள்ளை, வீட்டு வேலைக்கெண்டு போய் சரியாப் பாஷை கூடத் தெரியாமல் ஒரு கைக்குழந்தையைப் பாக்க விட்ட இடத்தில அந்தக் குழந்தை இறந்துபோச்சு, அதைக் கொலை எண்டு சொல்லித்தான் வெட்டினவை. தனக்கு என்ன நடந்ததெண்டு சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் இருந்ததா? அண்டைக்கு எங்கட மாவட்டமே அழுதது, தமிழர் முஸ்லிம் எண்டில்லாமல் அழுதது, நானும் அழுதன். பேந்து 2021 ஜூலையில மலையகத்து டயகமையில இருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயசுப் பிள்ளை தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில செத்தது, அது வெளிநாடில்லை, எங்கட நாடு. அந்த வருசம்தான் வேலைக்கு வைக்கிற வயசை 14ல இருந்து 16 ஆக்கினவை.

நான் திரும்பி வாறதுக்கு ஒரு வருசம் முந்தி, 2015ல, குவைத்தில வீட்டு வேலை செய்யிறவைக்கெண்டு 68ம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு வந்தது. ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்க ஏலாது, கிழமைக்கு ஒரு நாள் லீவு, வருசத்துக்கு ஒரு மாசம் சம்பளத்தோட லீவு, பாஸ்போட்டை வீட்டுக்காரர் வைச்சிருக்கப்படாது, முடிச்சுப் போகேக்க வேலை செஞ்ச ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு மாசச் சம்பளம். எல்லா வீட்டிலயும் இப்படி நடந்ததெண்டு நான் சொல்ல மாட்டன், எனக்கே வெள்ளிக்கிழமை பாதி நாள்தான் கிடைச்சது. ஆனாலும் கடதாசியில இருந்தது, ஒரு நாள் காட்டிக் கேக்கலாம் எண்டு இருந்தது.

இஞ்ச வந்து அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து படுக்கையில விழுந்தாப் பிறகு நான் உதவிக்கு ஒரு அக்காவைப் பிடிச்சன், அப்பதான் இலங்கையில இவைக்கு என்ன இருக்கெண்டு லேபர் ஒபிசில வேலை செஞ்சு பென்சன் எடுத்த எங்கட சொந்தக்காரர் ஒராளிட்ட விசாரிச்சன். வீட்டு வேலைக்காரரைப் பற்றியெண்டு இருக்கிற சட்டம் வெள்ளைக்காரன் 1871ல கொண்டு வந்ததாம், அதுவும் அவையின்ர பேரைப் பொலிஸில பதியிறதுக்கு. ஈபிஎஃப் எண்ட ஊழியர் சேமலாப நிதி 1958ல வந்தது, அதில இவை இல்லை. 1983ல வந்த பணிக்கொடைச் சட்டத்திலயும் வீட்டு வேலைக்காரரை விலக்கி எழுதியிருக்காம். 2016ல வந்த தேசியக் குறைஞ்ச சம்பளச் சட்டம், இப்ப 2025 ஏப்ரலில 27,000 ஆக்கி 2026 ஜனவரியில இருந்து 30,000 எண்டு கூட்டியிருக்கினமே அந்தச் சட்டம், அதிலயும் இவையைச் சேக்கேல்ல. நான் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தன். நான் மற்றவன்ர நாட்டில இருக்கேக்க எனக்கு இருந்த கடதாசி கூட என்ர ஊர் அக்காவுக்கு இல்லை.

இதில என்ர பிழையையும் சொல்லவேணும். இவ்வளவும் தெரிஞ்ச நானே அந்த அக்காவுக்கு முதல் அஞ்சு மாசம் ஒரு நாள் கூட லீவு குடுக்கேல்ல. அம்மாவைத் தினமும் குளிப்பாட்டவேணும், உடம்பு திருப்பவேணும், இல்லாட்டி முதுகில புண் வந்திடும், தனிய என்னால ஏலாது, அதால அக்கா ஞாயித்துக்கிழமையும் வந்தா, அவ கேக்கேல்ல, நானும் யோசிக்கேல்ல. ஒரு நாள் பஸ்சில அவவின்ர ஊர் ஆள் ஒராள் கதைக்கேக்கதான் தெரியும், அவ தன்ர தாயின்ர ஆண்டுத் திவசத்துக்கும் எங்கட வீட்டில என்ர அம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு நிண்டிருக்கிறா. எனக்கு அந்தப் பஸ்சில இருந்து இறங்கேக்க கால் நடுங்கினது.

அண்டைக்குப் பின்னேரம் ஒரு கொப்பித் தாளில ரெண்டு பேரும் இருந்து எழுதினம். காலமை எட்டு தொடக்கம் ரெண்டு மட்டும் வேலை. ஞாயிறு முழு லீவு, அண்டைக்குத் தம்பியின்ர மனிசி வருவா. காய்ச்சல் தடிமன் எண்டா சம்பளம் வெட்டுறதில்லை. சம்பளம் மாசம் 1ம் திகதி, பிந்தப்படாது. இந்தத் திகதி விசயத்தை வீட்டுக்காரர் கனபேர் சின்ன விசயமா நினைக்கிறம், ஆனா எங்கட பக்கத்தில வேலைக்கு வாற பொம்பிளையள் எத்தினையோ பேர் நுண்கடன் எடுத்தவை, கிழமைக்குக் கிழமை லோன்காரர் படலையில வந்து நிப்பினம், நாங்க நாளைக்குத் தாறன் எண்டு லேசாச் சொல்லுற அந்த ஒரு நாளுக்கு அவ பிள்ளையின்ர தோட்டை அடைவு வைச்சுக் கட்டவேண்டி வரும். பழைய உடுப்பும் மிஞ்சின கறியும் குடுத்தா அது குடுக்கிறவரின்ர விருப்பம், சம்பளக் கணக்கில அதைச் சேக்கக் கூடாது.

எழுதி முடிச்சு, அக்கா உங்களுக்கு இதில வேற என்ன சேக்கவேணும் எண்டு கேட்டன். கனநேரம் யோசிச்சா. பிறகு மெல்லமா, "தங்கச்சி, மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு ஒரு பத்து நிமிசம் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாமே?" எண்டா. அஞ்சு மாசமா அந்த மனுசிக்கு முழங்கால் வலி, எனக்குத் தெரியாது.

இன்னும் சில விசயம் இருக்கு, அதுகளையும் சொல்லிப்போட்டு முடிக்கிறன். எங்கட ஆக்களின்ர சில வீடுகளில வேலைக்கு வாறவவுக்கு எண்டு பின்வாசல் மாடத்தில ஒரு தனிக் கோப்பை கவிட்டு வைச்சிருக்கினம், 2025லயும் இருக்கு, நான் கண்ணால கண்டன், அது சாதி பாத்துச் செய்யிற வேலை எண்டு எல்லாருக்கும் தெரியும், வேற பேர் சொல்லி மூடவேண்டாம். வீட்டுக் கக்கூசை அவவைக் கொண்டு கழுவிப்போட்டு அவசரத்துக்கு அதைப் பாவிக்க விடாத வீடும் இருக்கு. பெத்த தாயின்ர வயசில இருக்கிறவவைப் பிள்ளையள் பேர் சொல்லி வா போ எண்டு கூப்பிடேக்க நாங்க கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறம், அக்கா எண்டோ ஆச்சி எண்டோ கூப்பிடச் சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரம் செல்லும்?

பிறகு இந்தக் கழுவுற மருந்துகள். ஹார்பிக்கையும் குளோரின் தண்ணியையும் ஒண்டாக் கலந்தா நஞ்சுப் புகை வரும், மூச்சு அடைக்கும், சின்னப் பாத்ரூமுக்குள்ள எண்டா ஆள் விழுந்திடும். கலக்காதேங்கோ எண்டு அவவுக்கு வாயால சொல்லிக் குடுங்கோ, போத்தலில எழுதியிருக்கெண்டு விடவேண்டாம். ஒரு சோடி ரப்பர் கிளவுஸ் வாங்கி வையுங்கோ. கச்சான் நேரத்தில உடுப்புத் தோய்க்கிறது முத்தம் கூட்டுறதை ஒம்பது மணிக்கு முந்தி முடிக்கலாம் எண்டு வீட்டுக்காரர்தான் சொல்லவேணும், நட்ட நடு வெயிலில நிண்டுகொண்டு அவ வந்து கேக்க மாட்டா. இந்த அக்காவுக்கு முந்தி எங்கட வீட்டுக்கு வந்தவ கிண்ணியா ஆள், 2017 பங்குனியில கிண்ணியாவில டெங்கு பரவி ஊரே பயந்துகொண்டு இருந்த நேரம் அவவின்ர மகனும் காய்ச்சலில படுத்திட்டான், அவ அப்ப இன்னொரு வீட்டிலயும் வேலை செஞ்சவ, ஆஸ்பத்திரியில பிள்ளையோட நிண்ட எட்டு நாளுக்கும் அந்த வீட்டில சம்பளம் வெட்டினது மட்டுமில்லை, வேற ஆளையும் பிடிச்சிட்டினம். நோன்பு பிடிச்சுக்கொண்டு வாறவையை மத்தியானத்தோட வீட்டுக்கு விடலாம், அதுக்கும் அவை கேக்க மாட்டினம்.

எங்கட மாவட்டத்து எம்பிமாரிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு, எந்தக் கட்சி எண்டாலும் சரி. 2011ல ஐஎல்ஓ எண்ட சர்வதேச தொழில் அமைப்பில வீட்டு வேலை செய்யிறவைக்கெண்டு 189ம் இலக்க உடன்படிக்கை நிறைவேத்தினவை, கிழமைக்குத் தொடர்ந்து 24 மணித்தியாலம் ஓய்வு எண்டு அதில இருக்கு. அதைப் பற்றியும், குறைஞ்ச சம்பளச் சட்டத்தில வீட்டு வேலைக்காரரைச் சேக்கிறதைப் பற்றியும் பாராளுமன்றத்தில நீங்க எப்ப கதைக்கப் போறீங்க? வளைகுடாவில எங்கட பொம்பிளையளுக்கு ஒண்டு நடந்தா அறிக்கை விடுறீங்க, அது நல்லது, விடத்தான் வேணும். கிணத்தடியில விழுந்தவவும் எங்கட பொம்பிளைதான்.

ஆசிரியரிட்டயும் ஒரு வேண்டுகோள். வீட்டு வேலைக்குப் போறவை கடிதம் எழுத மாட்டினம், எழுத நேரமும் இல்லை, பேர் வெளிய வந்தா வேலை போயிடும் எண்ட பயமும் இருக்கு. உங்கட நிருபர் ஒராளை ஒரு நாள் விடியக் காலமை திருகோணமலை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி, அங்க வந்து இறங்குற பொம்பிளையளிட்ட, பேர் போடாமல், அவைக்கு என்ன வேணும் எண்டு கேட்டு எழுதச் சொல்லுங்கோ. ஆறரைக்கு முந்திப் போகவேணும், அதுக்குப் பிறகு போனா எல்லாரும் வீடுகளுக்குள்ள போயிடுவினம்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை.